மாப்பிள்ளை இல்லாத குருவிக்கூட்டம்

அம்மிணி,

இந்தக் கடிதத்தை உன் மாமியார் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் பிரி என்று எழுதத்தான் முதலில் கை போனது. அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் முன்னாலேயே பிரி. மாப்பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகவே வாசி. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, டாக்டர் கேக்கச் சொன்னாருங்க. உங்களுக்கு நெறமெல்லாம் சரியாத் தெரியுமுங்களா?" என்றாய். நான் சிரித்தேன். "இதென்ன கேள்வி அம்மிணி? முப்பத்தஞ்சு வருசம் டீ ஃபேக்டரியில குப்பை கொட்டினவனுக்கு நெறம் தெரியாமயா இருக்கும்?" என்றேன். நீயும் நம்பிவிட்டாய். அது பொய். எனக்குச் சிவப்பு என்பது தெரியவே தெரியாது. பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். உன் மகன் மரத்துக்குப் பழுப்பு இலை வரைந்து பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினானே, அந்தக் கண் என்னுடையது. உன் வழியாக அவனுக்குப் போயிருக்கிறது. அம்மா வழித் தாத்தாவிடமிருந்து வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதுதான் சரி.

உன்னிடம் பொய் சொன்னதோடு முடிந்திருந்தால் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் போனைக் கொடுத்ததும் உன் அம்மா வாங்கி, உன் மாமியாரிடம் பேசினாள் அல்லவா? "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லீங்க சம்பந்தி, சாயப்பட்டறை வெச்சிருக்கற ஊட்டுல நெறந் தெரியாத பையனான்னு ஊரே கேக்குது" என்று அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. அதற்கு உன் அம்மா சொன்ன பதிலை நீ கேட்டிருக்க மாட்டாய். "இவள வயித்துல வெச்சுக்கிட்டு மருந்தடிச்ச காட்டுல கொழுந்து எடுத்தேனுங்க. அந்த மருந்துதான் பேரன் கண்ணுல எறங்கிருச்சு. எம் பாவமுங்க" என்றாள். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டு அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

ஏன் இத்தனை வருடம் மறைத்தேன் என்று கேட்பாய். வெட்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே இருந்தது பொறாமை. உன் அம்மா மேல் பொறாமை. இதை எழுதுகிற இந்த நிமிடமும் அது போகவில்லை. அதனால்தான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபேக்டரியில் நான் இலையைப் புளிக்க வைக்கும் அறையில் இருந்தது உனக்குத் தெரியும். உருட்டி அரைத்த இலையைத் தரையில் பரப்பி வைப்போம். பச்சை மாறிச் செம்பு நிறம் வந்ததும் அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் டீ செத்துவிடும். மற்றவர்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். நான் குனிந்து ஒரு பிடி அள்ளி மூக்கில் வைப்பேன். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வருகிற அந்த நொடி எனக்குப் பிடிபடும். "உன் மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்யா" என்பார் ஃபேக்டரியை மேற்பார்க்கிற டீமேக்கர். கண் இல்லாததால் மூக்கு வளர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? தக்காளி வாங்க உன் அம்மாவை அனுப்புவேன். மிளகாய் பழுத்திருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்வேன். தீபாவளிக்கு அவளுக்கு நான் எடுத்த புடவை எல்லாம் நீலம். எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிற நிறம் அது ஒன்றுதான், கொஞ்சம் மஞ்சளும். அவள் எனக்கு நீலம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க நீலத்தையே கட்டினாள்.

அவளுடைய கண் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம். அவள் பர்லியாரில் பிறந்தவள். அவள் அப்பாவுக்கு அங்கே பழத்தோட்டத்தில் வேலை. இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பழம் கொத்த வரும் பறவைகளை ஓட்ட உட்கார வைத்துவிட்டார்கள். எழுத்து மனதில் நிற்கவில்லை, பறவை நின்றுவிட்டது. எது கொத்தும், எது கொத்தாது, எது பூச்சிக்காக மட்டும் வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். கல்யாணம் ஆகிக் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், சோலையை ஒட்டிய பாதையில் நடந்துகொண்டிருந்தோம். சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏனுங்க, அதா பாருங்க, கங்கு மாதிரி" என்றாள். நான் பார்த்தேன். காய்ந்த பெரணி இருந்தது. "அதானுங்க, முழ ஒசரத்துல, கறுப்பு ரெக்க, நெஞ்செல்லாம் ஆரஞ்சு. இத்துணூண்டு." மூன்றடி தூரத்தில் இருக்கிறது என்றாள். எனக்கு இலை மட்டும்தான் தெரிந்தது. "ஆமா, தெரியுது" என்றேன். "அழகா இருக்குதில்லீங்க?" என்றாள். "அழகுதான்" என்றேன். கல்யாண வாழ்க்கையின் முதல் பொய் அது.

அந்த நாட்களில் ஒரு வாரப் பத்திரிகையில் காட்டுப் பறவைகளைப் பற்றி ஒருவர் தொடர்ந்து எழுதிவந்தார். பெரிய கழுகு, மயில் பக்கமெல்லாம் போக மாட்டார். கட்டைவிரல் அளவு இருக்கிற ஈப்பிடிப்பான், தேன்சிட்டு, பூக்கொத்தி, மின்சிட்டு, இதுகளைப் பற்றித்தான் எழுதுவார். ஆராய்ச்சியும் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி வம்பு பேசுகிற மாதிரியும் இருக்கும். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து நான் சத்தமாக வாசிப்பேன், அவள் ராகி களி கிண்டிக்கொண்டே கேட்பாள். ஒருநாள் பூக்கொத்தியைப் பற்றி எழுதியிருந்தார். அது புல்லுருவிப் பழத்தை விழுங்கி, விதையை எச்சத்தோடு கீழே போடும் என்று இருந்தது. "அவரு மரத்துக்கு அடியில நின்னு பாத்திருக்காருங்க" என்றாள் உன் அம்மா. "மேல இருந்து பாக்கோணும். கொட்டை ஒட்டிக்குமுங்க. உக்காந்த கெளையிலயே பின்பக்கத்தத் தேய்ச்சு விட்டுட்டுத்தான் போகும். அதனாலதான் புல்லுருவி கெளையிலயே மொளைக்குது." நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். "எழுதிப் போடலாமா?" என்று நான்தான் கேட்டேன். அந்த வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "என் மனைவி பார்த்தாள்" என்று எழுதவில்லை. "நான் பார்த்தேன்" என்று எழுதினேன். பெண்டாட்டி பெயரை முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதுவதா என்றேன். "அதுவுஞ் செரிதானுங்க" என்றாள். பத்து நாளில் பதில் அட்டை வந்தது. அந்த மனிதர் சந்தோஷத்தில் கையெழுத்தே கோணிப்போகிற அளவுக்கு எழுதியிருந்தார். இன்னும் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடுத்ததாக அந்தக் கங்குக் குருவியின் கூட்டைப் பற்றி எழுதினோம். சோலை ஓரத்தில், தரையிலிருந்து முழ உயரத்துக்குள், காய்ந்த கோரையும் பெரணியும் வைத்துப் பந்து மாதிரி கட்டியிருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். தினமும் கொழுந்துக்கூடையோடு அந்த வழியாகப் போய்வந்து, குஞ்சு பறக்கிற நாள்வரை எனக்கு ஒப்பித்தாள். இப்படியே பதினோரு கடிதம் போனது. அவரிடமிருந்து பதினோரு பதில் வந்தது.

பொறாமை எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் அந்த ஆள் மேல்தான். வியாழக்கிழமை ஃபேக்டரிக்குத் தபால் வரும். அன்று உன் அம்மா தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "பதில் வந்துச்சுங்களா?" என்பாள். ஃபேக்டரியிலிருந்து வருகிற நான் சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டாள். கண்ணில் காணாத ஒரு கிழவருக்காக என் பெண்டாட்டி காத்திருந்தாள். கிழவர்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு ஒரு அட்டையில், "உங்கள் கண்களைப் போலக் கூர்மையான கண்களை நான் பார்த்ததில்லை" என்று எழுதியிருந்தார். அதை வாசித்ததும் பொறாமை அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. என் கண்களையாம்! அந்த வரியை விட்டுவிட்டு மீதியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியவா போகிறது? அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதிலிலும் பாராட்டு எங்கே வருகிறதோ அதைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். கேள்விகளை மட்டும் வாசித்தேன். "என்னங்க இது, வாத்தியாராட்டம் கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருக்காரு, நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு போல" என்று ஒருநாள் சொன்னாள். நான் "பெரிய மனுசங்க அப்படித்தான்" என்றேன்.

அதோடு விட்டேனா? அவள் இல்லாமல் நானே பார்த்து நானே எழுத வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. அந்த வருட ஆடி மழையில் இரண்டு நாள் லீவ் போட்டேன். கீழே கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சோலை ஓரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில்வர் ஓக் மரங்களில் ஒரு கூட்டம் வந்தது. மின்சிட்டு. உன் அம்மா அதைக் கலியாணக் குருவி என்பாள். ஆண் கருஞ்சிவப்பு வேட்டி கட்டிய மாதிரி, பெண் மஞ்சள் புடவை கட்டிய மாதிரி, எப்போதும் சேர்ந்தே திரியுமாம். எனக்கு மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. எண்ணினேன், ஏழு. சிவப்பு மாப்பிள்ளைகள் எங்கே? ஒன்றுகூட இல்லை. மறுநாளும் போனேன், அதே மரம், மஞ்சள் மட்டும்தான். இலைக்குள் ஏதோ இருட்டாக அசைந்தது, நிழல் என்று விட்டுவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மழைக்காலத்தில் பெண் மின்சிட்டுகள் ஆண்களை விட்டுப் பிரிந்து தனிக்கூட்டமாகத் திரிகின்றன! இதை உன் அம்மாவும் பார்க்கவில்லை, அந்த எழுத்தாளரும் பார்க்கவில்லை. அன்றே எழுதிப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அது அச்சில் வந்தது. என் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் போட்டு, "நம் வாசகரின் புதிய செய்தி" என்று அந்தத் தொடரின் நடுவில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். நீ அதைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினாய். அப்பா பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாய், நினைவிருக்கிறதா? மாட்டிய அன்று உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சட்டத்தையே பார்த்தாள். "மாப்பிள்ளைங்க இல்லாத கூட்டமுங்களா?" என்றாள். "நேத்துக்கூட நம்ம லைன் ஊட்டுக்குப் பின்னாடி பாத்தேனுங்க. மழையிலயும் சோடியாத்தானே இருக்குது?" எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "அச்சுல வந்திருக்குது. நீ படிச்சவளா, அவரு படிச்சவரா?" என்று கத்தினேன். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு எந்தப் பறவையையும் காட்டவில்லை. கையைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. உனக்கும் காட்டவில்லை. பறவை என்றால் அப்பா சமாசாரம் என்று இருந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதரிடமிருந்து அட்டை வரவில்லை, ஒட்டிய உறையில் கடிதம் வந்தது. என் செய்தியை மறுத்துப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்திருந்தார். "நீங்கள் பொய் சொல்லியிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்று நினைக்கிறேன். என் தம்பிக்கும் அப்படித்தான், இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் பதினோரு கடிதங்களில் பார்த்த கண் உங்களுடையது அல்ல. அவர் யார் என்று தெரிவியுங்கள். கட்டுரைகள் புத்தகமாக வரப்போகின்றன. அவர் பெயரைப் போட வேண்டும்" என்று எழுதியிருந்தார். கடைசியில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது. அது முழுக்க அவளுக்குச் சொன்னது. அதை இங்கே எடுத்து எழுத மூன்று தடவை தாளில் பேனாவை வைத்தேன், மனசு வரவில்லை. அன்றைக்கு அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுப் புளிக்க வைக்கும் அறையில் போய் உட்கார்ந்தேன். முகம் தெரியாத ஒருவன் என்னை அம்மணமாக்கிவிட்டதாக இருந்தது. பதில் போடவில்லை. "கடிதாசி ஏதாவது வந்துச்சுங்களா?" என்று அவள் கேட்டாள். "அவரு எழுதறத நிறுத்திட்டாராமா" என்றேன். புத்தகம் வந்தது. கோயமுத்தூரில் ஒரு கடையில் நின்றுகொண்டே புரட்டினேன். பூக்கொத்தியும் இருந்தது, கங்குக் குருவியின் கூடும் இருந்தது, அவள் சொன்ன சொல் மாறாமல். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு நீலகிரி நண்பர்" என்று போட்டிருந்தார். வாங்காமல் வைத்துவிட்டு வந்தேன். அந்த மனிதர் காலமானதைப் பின்னால் பத்திரிகையில் பார்த்தேன். அன்றும் அவளிடம் சொல்லவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் மகன் சொல்லித்தராமலே எதையும் சமாளிக்கக் கற்றுக்கொள்வான், நான் கற்றுக்கொண்டேனே. அதற்கு விடாதே. யாராவது ஒன்றைக் காட்டி "தெரியுதா?" என்று கேட்டால், தெரியாததைத் "தெரியலை" என்று சொல்லப் பழக்கு. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், கல்யாணமான இரண்டாவது வாரத்தில் உன் அம்மா எனக்கு அருகில் உட்கார்ந்து, நிறம் ஒவ்வொன்றையும் வாயாலேயே சொல்லியிருப்பாள். அவளால் முடியும். இதைச் சொல்லும்போதே உன் மகன் மேலும் எனக்குப் பொறாமை வருகிறது பார். ஏழு வயதில் கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டர் தோளில் தட்டிக் கொடுத்தாராம். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்த ஒருவரையும் நான் ஒளித்துவைத்துவிட்டேன். உன் மாமியாரிடம் சொல், குறை உன் அம்மா வயிற்றில் இல்லை, மருந்தில் இல்லை, அவர் சம்பந்தியான என் கண்ணில் என்று. நேரில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

உன் அம்மாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன், எனக்குச் சிவப்பு தெரியாது என்று. மருந்து காரணமில்லை என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்தக் கங்குக் குருவி?" என்றாள். "தெரியலை" என்றேன். "ஒரு நாளுமா?" என்றாள். "ஒரு நாளும்" என்றேன். மத்தியானம் சோறு சாப்பிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். அந்த மனிதரின் கடிதத்தைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அது வீட்டிலேயேதான் இருக்கிறது. சுவரில் நான் மாட்டிய சட்டத்துக்குள், அந்தப் பத்திரிகைத் துண்டுக்குப் பின்னால், அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் மடித்து வைத்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அது உள்ளேதான் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வா. வரும்போது உன் அம்மாவுக்கு ஒரு சிவப்புப் புடவை எடுத்து வா. நல்ல சிவப்பா என்று நீயே பார்த்து எடு. அவளை உட்கார வைத்து, சட்டத்தைக் கழற்றி, அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. என்னை வாசிக்கச் சொல்லாதே, அம்மிணி. நான் வாசித்தால் அந்தக் கடைசி இரண்டு வரியை இன்றைக்கும் விட்டுவிடுவேன்.

உன் அப்பா